ஆண்டவன் வீடும் மக்கள் அவையும்

சொற்களுக்கும் சரித்திரம் உண்டு என்பதை மொழி பயின்றோர் யாவரும் அறிவர். ஆயினும், அச்சரித்திரத்தை ஒலித்திரிபுகளின் வரலாறாக மட்டுமே கற்கும் வழக்கம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. நாம் பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்ற காலத்தில், ஒரு சொல் எந்த மொழியினின்று வந்தது, வரும் வழியில் எந்த எழுத்தை இழந்தது, எதனைப் பெற்றது என்பனவற்றை நிரல்பட எழுதிப் புள்ளிகள் பெற்றோம். அச்சொல்லை விரும்பியவர் யாவர், வெறுத்தவர் யாவர், அதனால் நயமடைந்தவர் யாவர் என்னும் வினாக்கள் வினாத்தாளில் இடம்பெற்றதில்லை.

ஆசிரியத் தொழிலை மேற்கொண்ட பின்னரே அவ்வினாக்கள் எம்மை வந்தடைந்தன. உயர்தர வகுப்பிலே சிலப்பதிகாரம் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், கோயில் என்னும் சொல் அந்நூலில் அரண்மனையைக் குறிக்கும் என்றும், கோ என்பது அரசன், இல் என்பது வீடு என்றும் விளக்கினோம். கரையோரக் கிராமமொன்றிலிருந்து வரும் கத்தோலிக்க மாணவி ஒருத்தி எழுந்தாள். “அப்ப எங்கட கோயிலும் ராசாவின்ர வீடு எண்டுதானே ரீச்சர் கருத்து? இங்கிலிசில சேர்ச் எண்டு சொல்லினமே, அதுக்கும் இப்பிடி ஒரு கருத்து இருக்கோ?” என்று கேட்டாள். கேள்வி சிறியது. ஆனால் அதன் விடையைத் தேடிச் சென்ற எமக்கு, இரண்டாயிரம் ஆண்டுகளாக நீடித்துவரும் ஒரு வழக்கு அச்சொல்லுக்குள்ளே கிடப்பது தெரியவந்தது.

சேர்ச் என்னும் ஆங்கிலச் சொல் பழைய ஆங்கிலத்திலே சிரிச்சே என வழங்கியது. ஸ்கொத்லாந்தின் கிர்க், ஒல்லாந்தரின் கெர்க், ஜெர்மானியரின் கிர்ஹெ ஆகியன யாவும் இதன் உடன்பிறப்புகள். இவற்றுக்கெல்லாம் மூலம் குரியாக்கோன் என்னும் கிரேக்கச் சொல் என்பதே அறிஞர் பெரும்பாலார் கருத்து. குரியோஸ் என்றால் தலைவன், உடையவன், ஆண்டவன். அவனுக்கு உரியது குரியாக்கோன். எனவே சேர்ச் என்பதன் அடிப்பொருள் ஆண்டவனுக்கு உரிய வீடு என்றாகிறது. மாணவியின் ஊகம் பெருமளவு சரியானதே. கோயில் என்ற தமிழ்ச் சொல்லும் சேர்ச் என்ற ஆங்கிலச் சொல்லும், ஒன்றையொன்று அறியாமலே, ஒரே வகையான சிந்தனையிலிருந்து பிறந்துள்ளன.

இங்கே குரியோஸ் என்பதன் பழைய வாழ்க்கையைச் சிறிது நோக்குதல் வேண்டும். கடவுளைக் குறிப்பதற்கு முன்னரும், குறித்த காலத்திலும், அச்சொல் அடிமையை உடையவனைக் குறித்தது. குடும்பத் தலைவனைக் குறித்தது. உரோமப் பேரரசனையும் குறித்தது. எகிப்தை ஆண்ட உரோம ஆளுநர் திபேரியஸ் யூலியஸ் அலெக்சாந்தர் கி.பி. 68ஆம் ஆண்டிலே பிறப்பித்த ஆணையொன்று கல்லிலே பொறிக்கப்பட்டுக் கிடைத்துள்ளது. அதிலே பேரரசனின் கருவூலத்தைச் சுட்டுமிடத்து, அரசனுக்குரிய என்னும் பொருளில் வருவது இந்தக் குரியாக்கோஸ் என்ற அடைமொழியே. இதனை எடுத்துக்காட்டியவர் அடொல்ஃப் டைஸ்மன் என்னும் ஜெர்மானிய அறிஞர். வரி சென்று சேர்ந்த இடத்துக்கும் வழிபாடு சென்று சேர்ந்த இடத்துக்கும் ஒரே அடைமொழி வழங்கிற்று என்பது சிந்தனைக்குரியது.

நிற்க. கிறித்தவர்கள் தம்மைத் தாமே முதன்முதலில் எப்பெயரால் அழைத்தனர் என்று பார்த்தால், அங்கே குரியாக்கோன் என்னும் பெயர் இல்லை. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அவர்களுக்கு வழங்கும் பெயர் எக்லேசியா என்பது. அது வீட்டின் பெயரன்று, கூட்டத்தின் பெயர். அதுவும் வழிபாட்டுக் கூட்டத்தின் பெயராகப் பிறந்ததன்று. அரசியற் கூட்டத்தின் பெயராகப் பிறந்தது.

ஏதென்ஸ் நகரத்துக் குடிமக்கள் பினிக்ஸ் என்னும் குன்றிலே கூடி நகரின் அலுவல்களைத் தீர்மானித்த அவைக்கே எக்லேசியா என்று பெயர். வெளியே அழைத்தல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல் அது. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலே அவ்வவை ஆண்டொன்றுக்கு 40 முறை கூடிற்று. சில முக்கியமான தீர்மானங்களுக்கு 6,000 பேரின் வாக்கு வேண்டியிருந்தது. போரா சமாதானமா, தானியத்தை எங்கிருந்து தருவிப்பது, படைத்தலைவன் மீது குற்றம் சாட்டுவதா என்பனவெல்லாம் அங்கேயே முடிவாயின. பேச விரும்புவோர் யார் என்று கட்டியக்காரன் உரத்த குரலில் வினவுவான். செருப்புத் தைப்பவனும் எழுந்து பேசலாம். கி.மு. 403க்குப் பிந்திய ஆண்டுகளில், வேலையை விட்டு வரும் ஏழைகளுக்கு வருமானம் குறையாதிருக்கும்பொருட்டு, அவைக்கு வருவோருக்குக் கூலியும் கொடுக்கப்பட்டது. முதலில் ஓர் ஓபொல் நாணயமாக இருந்த அக்கூலி விரைவிலேயே மூன்று ஓபொல்லாக உயர்ந்தது.

இச்சொல் கடவுளின் பக்கம் சென்ற வழியும் தெளிவானது. கி.மு. 3ஆம் நூற்றாண்டு தொடக்கம், அலெக்சாந்திரியா நகரத்து யூதர்கள் தம் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்திலே மொழிபெயர்க்கலாயினர். இஸ்ரவேல் மக்கள் ஒன்றுகூடிய கூட்டத்தைக் குறிக்கும் காஹால் என்ற எபிரேயச் சொல்லுக்கு, அவர்கள் பல இடங்களில் எக்லேசியா என்னும் சொல்லைத் தேர்ந்தனர். அம்மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்த முதற் கிறித்தவர்கள் அதே சொல்லைத் தமக்குரியதாக்கிக் கொண்டனர். பவுலடியார் தம் கடிதங்களிலே இன்னாருடைய வீட்டில் கூடும் எக்லேசியாவுக்கு என்று வாழ்த்துரைப்பதைக் காணலாம். வீடு வேறு, அவை வேறு என்ற தெளிவு அங்கே இருந்தது.

இவ்விரு சொற்களும் ஒரே பகுதியில் சந்திக்கும் இடமொன்று உண்டு. கி.பி. 50களின் நடுப்பகுதியிலே கொரிந்து நகரத்தாருக்குப் பவுல் எழுதிய முதலாம் கடிதத்தின் 11ஆம் அதிகாரம் அது. அங்குள்ள கிறித்தவர்கள் ஆண்டவருடைய விருந்தை உண்ணக் கூடுகின்றனர். வசதி படைத்தவர்கள் தாம் கொண்டுவந்ததை முந்தி உண்டு குடித்து மயங்குகின்றனர். ஏழைகள் பசியோடு நிற்கின்றனர். இதைக் கேள்வியுற்ற பவுல் சினந்து, நீங்கள் உண்பது ஆண்டவருடைய விருந்தாகாது என்றும், இல்லாதவர்களை நாணச் செய்வது கடவுளின் எக்லேசியாவையே அவமதிப்பதாகும் என்றும் கண்டிக்கிறார். ஆண்டவருடைய என்னும் அவ்விடத்தில் வருவதே குரியாக்கோன் என்ற சொல். புதிய ஏற்பாடு முழுவதிலும் அது இரண்டே இடங்களில்தான் காணப்படுகிறது, இஃது ஒன்று. பின்னாளிலே ஆங்கிலேயரின் சேர்ச் ஆக மாறவிருந்த சொல், இங்கே, ஒரே கூரையின் கீழ் உள்ளவனும் இல்லாதவனும் ஒன்றாக அமர்ந்து உண்கிறார்களா என்ற வினாவோடு பிணைந்து நிற்கிறது. சமயத்தைப் பற்றி எவர் எவ்வகைக் கருத்து உடையவராயினும், இவ்விடத்தைப் படிப்பவர் நின்று சிந்திக்கவே செய்வர்.

முதல் இரு நூற்றாண்டுகளிலே கிறித்தவர்களுக்கெனத் தனிக் கட்டடங்கள் இருந்தமைக்குச் சான்று அரிது. சிரியாவில் யூப்பிரட்டீஸ் ஆற்றங்கரையிலுள்ள தூரா எவுரோப்பஸ் என்னும் ஊரிலே, 1930களின் தொடக்கத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வீடொன்றே இன்றுள்ள சான்றுகளுள் மிகப் பழையவற்றில் ஒன்று. அது சாதாரணக் குடியிருப்பு வீடு. கி.பி. 240ஐ ஒட்டிய காலத்தில், ஓர் இடைச்சுவரை இடித்து இரண்டு அறைகளை ஒரு கூடமாக்கியிருக்கின்றனர். மற்றோர் அறையிலே திருமுழுக்குத் தொட்டி அமைத்துச் சுவரிலே சித்திரம் தீட்டியிருக்கின்றனர். தெருவில் நடந்து சென்றவனுக்கு அது பத்தோடு பதினொன்றான வீடாகவே தோன்றியிருக்கும்.

4ஆம் நூற்றாண்டிலே நிலைமை தலைகீழாயிற்று. 313இல் கொன்ஸ்தந்தீன் பேரரசன் கிறித்தவத்துக்குச் சுதந்திரம் வழங்கினான். 380இல் தியோடோசியஸ் பேரரசன் காலத்து ஆணையொன்று அதனையே அரசாங்கச் சமயமாக்கியது. இவ்விடைக்காலத்திலே எழுந்த பெருங்கட்டடங்களுக்குப் பழைய கோயில்களின் அமைப்பு மாதிரியாகக் கொள்ளப்படவில்லை. உரோமரின் நீதிமன்றமாகவும் வாணிக மண்டபமாகவும் விளங்கிய பசிலிக்கா என்னும் நீண்ட மண்டபமே மாதிரியாயிற்று. அப்பெயரும் கிரேக்கத்தினின்று இலத்தீனுக்கு வந்ததே. அரசனுக்குரியது என்பது அதன் பொருள். ருமேனிய மக்கள் இன்றும் தம் தேவாலயத்தைப் பிசேரிக்கா என்றழைப்பது இச்சொல்லின் திரிபேயாகும். குரியாக்கோன் என்பது கட்டடத்தின் பெயராகப் பரவியதும் ஏறத்தாழ இதே காலத்திலேதான். மறைந்திருந்து கூடிய மக்களுக்கு வீடு தேவையாயிற்று; வீட்டை அரசு கட்டிக்கொடுத்தது; வீட்டோடு சேர்த்து அரசின் பெயரையும் கொடுத்தது.

இதன்பின் ஐரோப்பிய மொழிகள் இரு கூறாகப் பிரிந்து நிற்கின்றன. இலத்தீன் மொழி எக்லேசியா என்பதை அப்படியே ஏற்றுக்கொண்டது. அதன் வழிவந்த பிரெஞ்சில் அது எக்லீஸ் ஆயிற்று, இத்தாலியத்தில் கியேசா, ஸ்பானியத்தில் இக்லேசியா, போர்த்துக்கீசத்தில் இக்ரேஜா. உரோமராட்சியின் கீழிருந்த பழைய பிரித்தானியரும் இச்சொல்லையே பெற்றனர். வேல்ஸ் மொழியில் எக்லுயிஸ் என அது வாழ்கிறது. மான்செஸ்டர் நகரருகே எக்கிள்ஸ் என வழங்கும் ஊர்ப்பெயரும் அப்பழைய சொல்லின் எச்சமே. பின்வந்த ஆங்கிலோ சாக்சன் மக்கள் ஊர்ப்பெயரை விட்டுவைத்துச் சொல்லை மாற்றிவிட்டனர். அவர்களும் ஏனைய ஜெர்மானிய இனத்தாரும் ஆண்டவன் வீட்டின் பெயரையே கொண்டனர். அவர்களிடமிருந்து அதனைப் பெற்ற ரஷ்யர் முதலிய சிலாவிய மக்கள் பலரும் அவ்வழியே சென்றனர்.

இந்தப் பிரிவு வெறும் அகராதிச் செய்தி என எண்ணுவோர், 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை நோக்குதல் வேண்டும். வில்லியம் திண்டேல் என்னும் அறிஞர் கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்திலே பெயர்த்து, 1526இல் ஜெர்மனியின் வோம்ஸ் நகரிலே அச்சிட்டு, இரகசியமாக இங்கிலாந்துக்குள் அனுப்பினார். எக்லேசியா என வருமிடங்களில் அவர் சேர்ச் என்று எழுதவில்லை. கொங்கிரிகேஷன், அதாவது கூட்டம் என்னும் பொருளுடைய சொல்லை இட்டார். குருவானவரைக் குறிக்க வழங்கிய சொல்லுக்குப் பதிலாக மூத்தோர் என்னும் பொருளுடைய சொல்லைப் பெய்தார். ஜெர்மனியிலே மார்ட்டின் லூதரும் 1522இல் கிர்ஹெ என்பதைத் தவிர்த்து, மக்கட் சமூகம் என்னும் பொருள்படும் சொல்லையே ஆண்டிருந்தார்.

ஒரு சொல்லை மாற்றியதால் இத்துணைக் கலக்கமா எனலாம். ஆனால் அக்கலக்கத்துக்குக் காரணம் இருந்தது. அக்காலத்திலே சேர்ச் கூறுகிறது, சேர்ச் தண்டிக்கிறது, சேர்ச்சுக்கு நிலம் உரியது என்றெல்லாம் சொல்லும்போது பாமர மக்களின் மனக்கண்ணில் தோன்றியவர்கள் மொட்டையடித்த குருமாரே என்பது திண்டேலின் வாதம். வேதத்திலே அந்த இடத்தில் கூட்டம் என்ற சொல் வந்தால், அதிகாரம் யாருடையது என்ற வினா உழவனுக்கும் எழுந்துவிடும். இதனை மிக நன்றாக உணர்ந்தவர் அவருடைய எதிரியான சர் தோமஸ் மோர். 1529இல் எழுதிய நூலிலே மோர் இம்மொழிபெயர்ப்பைக் கடுமையாகத் தாக்கினார். மோரின் கூற்றிலும் நியாயம் இல்லாமலில்லை. சேர்ச் என்பது ஆங்கில வழக்கிலே கட்டடத்தை மட்டுமன்றிக் கிறித்தவ மக்கள் அனைவரையும் குறிக்கத் தொடங்கி நெடுங்காலமாயிற்று; கூட்டம் என்றாலோ எவருடைய கூட்டமும் ஆகலாம் என்றார் அவர். திண்டேல் 1531இல் விடையிறுத்தார். உம்முடைய நண்பர் எராஸ்மஸ் தமது இலத்தீன் மொழிபெயர்ப்பிலே சில இடங்களில் இதையே செய்திருக்கிறாரே, அவரை ஏன் நீர் கண்டிக்கவில்லை என்று கேட்டார். கற்றோர் மட்டுமே படிக்கும் இலத்தீனிலே பொறுக்கப்பட்ட சொல், கல்லாதாரும் கேட்கக்கூடிய ஆங்கிலத்திலே பொறுக்கப்படவில்லை என்பதே இவ்வினாவின் உட்கிடை.

முடிவு இருவருக்கும் கொடியதாயிற்று. மன்னன் எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவனாக ஏற்க மறுத்தமையால் மோர் 1535இல் தலை துண்டிக்கப்பட்டார். அதே ஆண்டில் அந்வேர்ப் நகரிலே காட்டிக்கொடுக்கப்பட்ட திண்டேல், சமயத் துரோகக் குற்றஞ் சாட்டப்பட்டு, 1536இல் வில்வோர்டே என்னுமிடத்தில் கழுத்து நெரிக்கப்பட்டு எரியூட்டப்பட்டார். சொல்லின் இரு பக்கங்களிலும் நின்ற இரண்டு அறிஞர்களையும் அரசுகள் கொன்றொழித்தன.

சொல்லைப் பற்றிய தீர்ப்பையும் பின்னர் அரசே வழங்கிற்று. முதலாம் ஜேம்ஸ் மன்னன் புதிய மொழிபெயர்ப்புக்கு ஆணையிட்டபோது, மொழிபெயர்ப்பாளருக்கு 15 விதிகள் கொடுக்கப்பட்டன. பழைய திருச்சபைச் சொற்கள் மாற்றப்படலாகாது என்பதும், சேர்ச் என்பதைக் கொங்கிரிகேஷன் எனப் பெயர்க்கலாகாது என்பதும் அவற்றுள் மூன்றாவது விதி. 1611இல் வெளிவந்த அந்நூல் அவ்விதிக்கு இணங்கிற்று. எனினும் ஓரிடத்தில் மொழி தன் குறும்பைக் காட்டிவிட்டது. அப்போஸ்தலர் பணிகள் 19ஆம் அதிகாரத்திலே, தம் வருமானம் குறைந்துவிடும் என அஞ்சிய எபேசு நகரத்து வெள்ளித் தட்டார்கள் கலகம் செய்கின்றனர். அந்தக் கலகக் கூட்டத்துக்கும், நகரின் சட்டபூர்வமான அவைக்கும் கிரேக்க மூலம் எக்லேசியா என்றே பெயரிடுகிறது. அம்மூன்று இடங்களில் மட்டும் மன்னனின் மொழிபெயர்ப்பாளர்கள் அவை என்னும் பொருளுடைய சொல்லை இட்டனர். அதே அதிகாரத்தில் கோயிற் கொள்ளைக்காரர் என்று வருமிடத்திலோ, அவர்களின் பேனா சேர்ச் என்ற சொல்லையே எழுதிற்று. அங்கே பேசப்படுவதோ ஆர்த்தமிஸ் தேவியின் நகரம். மக்களைக் குறிக்கும் பெயராகக் கட்டளையிடப்பட்ட சொல், வாய்ப்புக் கிடைத்ததும் தன் பழைய பொருளான கட்டடத்துக்கே திரும்பிவிட்டது. எக்லேசியாவினின்று பிறந்த எக்கிளீசியாஸ்டிக்கல் என்னும் ஆங்கில அடைமொழியோ இன்று குருமாருக்குரியது என்ற பொருளையே பெரிதும் தருகிறது. செருப்புத் தைப்பவன் எழுந்து பேசிய அவையின் பெயர், அவன் வாய்திறவாது கேட்டிருக்கவேண்டிய இடத்தின் பெயராயிற்று.

இவ்வளவும் கூறியபின், எக்லேசியா நல்ல சொல், குரியாக்கோன் தீய சொல் என எளிதாகத் தீர்ப்பளித்துவிட எம்மால் இயலவில்லை. ஏதென்ஸின் அவையிலே பெண்களுக்கு இடமில்லை. அடிமைகளுக்கு இடமில்லை. பரம்பரையாக அங்கே வாழ்ந்து தொழில் செய்த பிறநாட்டாருக்கும் இடமில்லை. கிறித்தவர்களின் எக்லேசியாவிலோ பெண்களும் அடிமைகளும் வந்தமர்ந்தனர். ஆயினும் கொரிந்துவிலே பசித்து நின்றவர்கள் அவர்களுள்ளும் இருந்தனர்.

தமிழிலும் இக்கதை உண்டு. தமிழ் வேதாகமத்திலே எக்லேசியாவுக்கு ஈடாக வழங்குவது சபை என்னும் சொல். அவ்வகையில் திண்டேலின் விருப்பம் ஆங்கிலத்தில் நிறைவேறாவிடினும் தமிழிலே நிறைவேறிற்று எனலாம். கட்டடத்தைக் கோயில் என்றும் மக்களைச் சபை என்றும் எமது கிறித்தவர்கள் வேறுபடுத்தி வழங்குகின்றனர். ஆனால் சபை என்ற சொல்லின் பழைய வரலாறும் ஏதென்ஸின் வரலாற்றைப் போன்றதே. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 921ஆம் ஆண்டுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டு, அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையால் உறுப்பினரைத் தெரியும் விதிகளைக் கூறுகிறது. கால்வேலிக்கு மேற்பட்ட இறை செலுத்தும் நிலம் இருத்தல் வேண்டும். சொந்த மனையிலே வீடு கட்டி வாழ்தல் வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடைப்பட்டதாதல் வேண்டும். அது பிராமணர் ஊர்ச் சபை. அந்நிலத்தை உழுதவனின் பெயர் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் விழ வழியே இருக்கவில்லை.

கோயில் என்னும் சொல்லைப் பற்றியோ கூறவேண்டியதில்லை. வீடு என்றால் அதற்கு வாயில் உண்டு; வாயில் உண்டெனில் அதனைத் திறப்பவனும் அடைப்பவனும் உண்டு. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே தாழ்த்தப்பட்ட மக்கள் நின்று போராடியபோது கேட்கப்பட்டது, இவ்வீடு யாருடையது என்ற வினாவே. ஆண்டவனுடைய வீடு என்று எல்லோரும் ஒப்பினர். ஆண்டவனின் பெயரால் திறவுகோலை வைத்திருப்பவர் யார் என்பதிலேதான் வழக்கு.

சொல்லின் வேரைத் தோண்டினால் அடியிலே தூய பொருள் ஒன்று கிடைக்கும் என்றும், அதனை மீட்டெடுத்தால் சமுதாயம் திருந்தும் என்றும் நம்புவோர் உளர். பழைமையைப் போற்றும் புலவர்களிடையிலும் சமயப் பிரசாரகர்களிடையிலும் இந்நம்பிக்கை மிகுதி. சேர்ச் என்னும் ஒரு சொல்லின் கதையைப் படித்த எமக்கு அந்நம்பிக்கை இல்லை. வேரிலே கிடைப்பது தூய பொருளன்று. அங்கும் உடையவனும் இல்லாதவனும் இருந்திருக்கின்றனர், சேர்க்கப்பட்டவனும் நீக்கப்பட்டவனும் இருந்திருக்கின்றனர். ஆயினும் அதனைத் தோண்டுவது வீண் வேலையன்று. என்றும் இப்படியே இருந்தது என்று எமக்குச் சொல்லப்படுவது, ஒரு காலத்திலே ஒருவன் ஆணையிட்டு மற்றொருவன் உயிரிழந்ததால் இப்படி ஆயிற்று என்பதை அது காட்டுகிறது. மனிதர் ஆக்கியதை மனிதர் மாற்றலாம் என்னும் துணிவும் அதனால் வருகிறது.

ஆகவே, மொழிப்பாடம் கற்பிக்கும் நாம் ஒரு சொல்லின் பிறப்பைக் கூறுமிடத்து, அச்சொல்லால் சுட்டப்பட்ட வீட்டினுள்ளே எவர் இருந்தார், வெளியே எவர் நின்றார் என்பதையும் சேர்த்தே கூறுதல் கடன். அதனைக் கேட்டு வளரும் பிள்ளைகள், தம் காலத்து வாயில்களின் முன்னும் அதே வினாவை எழுப்புவர் என்பது எமது துணிபு.